நாப்பது கஜத்துக்குள்ள ஒரு புள்ளிமான்

போன சனிக்கிழமை சாயந்திரம் ஏழே முக்கால் இருக்கும். டெக்ஸஸ்ல ஜூன் மாசம் ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் நிக்கும், அதனால அவசரம் ஒண்ணும் இல்ல. ஜங்ஷன்னு ஒரு சின்ன ஊரு, அதுக்குப் பக்கத்துல லானோ ஆத்தங்கரையில ஒரு பீக்கன் மரத்துல முதுகை சாய்ச்சு, ரெண்டு முழங்காலையும் மடக்கி உக்காந்திருக்கேன், மடியில ரிவால்வர். எதிர்த்தாப்ல புல்லுக்குள்ள முதல்ல ஒரு கொம்பு மட்டும் தெரியுது, அப்பறம் காது ஆடுது, அப்பறம் முழு மானும் வெளிய வருது. புள்ளிமான். நல்லா வயசான கடா, கழுத்து கருத்துப் போயி, ஒவ்வொரு கொம்புலயும் மும்மூணு கிளை. எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வெள்ளைப் பாறை கெடக்கு, அந்தப் பாறை வரைக்கும் சரியா 40 கஜம்னு மத்தியானமே ரேஞ்ச்ஃபைண்டர் வச்சு அளந்திருந்தேன். மான் பாறைக்கு அந்தப் பக்கம், ஒரு 60 கஜத்துல நிக்குது.

இருபது நிமிஷம் அங்கயே மேஞ்சுது. பக்கவாட்டா நின்னுச்சு, தலையைக் குனிஞ்சு நின்னுச்சு, ஒரு தடவை முன்னங்காலை நீட்டிக்கிட்டு தோள்பட்டைக்குப் பின்னாடி இருக்கற இடத்தை அப்படியே காட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் ஹேமரை, அதாவது துப்பாக்கிக்குப் பின்னாடி இருக்கற சுத்தியலை, இழுக்கவே இல்ல. அது பாறையைத் தாண்டி வரவே இல்ல, ஆத்துல இறங்கி தண்ணி குடிச்சிட்டு அக்கரைக்குப் போயிருச்சு. நான் ரிவால்வர்ல இருந்து ஆறு குண்டையும் வெளிய எடுத்து டப்பாவுல போட்டுட்டு வண்டி எடுத்து ஆஸ்டினுக்கு ரெண்டரை மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை தம்பி ஒருத்தன் ஃபோன் பண்ணான், மதுரைக்காரன், இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. "அண்ணே, 60 கஜம்னா கிரிக்கெட் பிட்ச் மூணு கூட வராதே, அதை எதுக்கு விட்டீங்க, ஒரு ரைஃபிள் எடுத்துட்டுப் போயிருந்தா கண்ணை மூடிட்டு அடிச்சிருக்கலாமே"ன்னான். அவன் சொல்றது கணக்குப்படி சரிதான். ஆனா ஏன் ரைஃபிளை வீட்ல வச்சிட்டு கைத்துப்பாக்கியோட போறேன், ஏன் 40 கஜத்துக்கு மேல ஒரு அடி கூட தள்ளி அடிக்க மாட்டேன்னு அவனுக்கு ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சு பாதியில கட் ஆயிருச்சு. அதான் இங்க எழுதறேன்.

எனக்கு சத்தியமங்கலம் பக்கம். எங்க அப்பாருக்கு மலையடிவாரத்துல நாலு ஏக்கர் காடு, சோளமும் நிலக்கடலையும் போடுவாரு. காய் பிடிக்கற நேரத்துல ராத்திரி பரண் மேல ஏறி உக்காந்து தகரத்தைத் தட்டிக்கிட்டே இருப்பாரு, நானும் லீவுல கூட போயி உக்காருவேன். காட்டுப்பன்னிக் கூட்டம் ஒரு ராத்திரி உள்ள இறங்குச்சுன்னா காலையில பாக்கறப்ப ஏர் ஓட்டுன மாதிரி இருக்கும், ஒரு செடி மிஞ்சாது. அங்க நம்ம சட்டப்படி சாதாரண ஆளு பன்னியை சுட முடியாது, 1972 வனவிலங்கு சட்டம். அதனால சில பேரு திருட்டுக் கரண்ட் கம்பி போடுவாங்க, சில பேரு நாட்டு வெடிய மாவுக்குள்ள பொதிச்சு வைப்பாங்க, அது வாயில வெடிச்சு பன்னி செத்தாலும் பரவால்ல, சாகாம தாடை போயி நாலு நாள் அலையும். ஒரு பன்னிய அப்படி நான் பத்து வயசுல பாத்தேன். அப்பாரு அன்னைக்கு சாப்பிடல. "பயிரைத் தின்னுச்சு சரி, அதுக்காக இப்படியாடா"ன்னு மட்டும் சொன்னாரு. உயிரை எடுக்கறதுன்னா ஒரே அடியில எடுக்கணும்ங்கற எண்ணம் எனக்குள்ள அன்னைக்கே விழுந்திருச்சுன்னு நினைக்கறேன்.

இங்க டெக்ஸஸ்ல நிலைமை வேற. காட்டுப்பன்னி இந்த மண்ணோட விலங்கே இல்ல. 1539ல ஸ்பெயின்காரர் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃப்ளோரிடாவுல இறங்குனப்ப கப்பல்ல பன்னிகளையும் கொண்டு வந்தாரு, அப்பறம் வந்து குடியேறுனவங்க எல்லாம் பன்னிய அவுத்து விட்டே வளத்தாங்க, 1930கள்ல ஐரோப்பாக் காட்டுப்பன்னிய வேட்டைக்குன்னே கொண்டு வந்து விட்டாங்க, எல்லாம் கலந்து இன்னைக்கு இந்த மாநிலத்துல மட்டும் 20 லட்சத்துக்கும் மேல இருக்கு. 115 நாள்ல குட்டி போடும். வருஷத்துக்கு கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பன்னிய எடுத்தாதான் எண்ணிக்கை ஏறாம நிக்கும்னு இங்க வேளாண் விரிவாக்கத்துறை ஆளுங்க சொல்றாங்க. துப்பாக்கியால அது நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், கூட்டத்தையே மொத்தமா மடக்கற பெரிய கூண்டுதான் வழி. ஆனா நிலத்துக்காரர் அனுமதி குடுத்தா தனியார் நிலத்துல பன்னி அடிக்க 2019 செப்டம்பர்ல இருந்து லைசன்ஸே வேண்டாம், சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, ராத்திரியும் அடிக்கலாம். மானுக்கு அப்படி இல்ல. வெள்ளைவால் மானுக்கு நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் தொறக்கும், சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடியில இருந்து மறைஞ்சு அரை மணி பின்னாடி வரைக்கும்தான் நேரம், அடிச்ச உடனே லைசன்ஸ்ல இருக்கற டேக்ல மாசத்தையும் தேதியையும் வெட்டி எடுத்து மான் மேல கட்டணும். 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்பறமோ பொறந்தவங்க ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும். கைத்துப்பாக்கில மான் அடிக்கறது இங்க முழுக்க சட்டப்படியானது, .22 மாதிரி ரிம்ஃபயர், அதாவது அடி விளிம்புல தட்டி வெடிக்கற குண்டு மட்டும் மானுக்கு ஆகாது.

இந்த இடத்துல நம்ம பசங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஹெச்-1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க ஃபெடரல் சட்டப்படி பொதுவா துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கவே கூடாது, செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் இருந்தா அதுக்கு ஒரு விலக்கு இருக்கு. விளையாட்டுத்தனமா ஃப்ரெண்டோட துப்பாக்கிய வாங்கி வண்டியில வச்சிக்கிட்டு சுத்தாதீங்க, வாழ்க்கையே போயிரும். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பின்னாடிதான் கடைப்படி ஏறுனேன்.

ஏன் கைத்துப்பாக்கிங்கறதுக்கு வரேன். முதல் ரெண்டு வருஷம் நானும் எல்லாரும் மாதிரி ரைஃபிள்லதான் போனேன். ஸ்டாண்டுல, அதாவது நம்ம பரண்தான், இங்க இரும்புல செஞ்சு டப்பா மாதிரி மூடி வச்சிருப்பாங்க, அதுல உக்காந்தா 120 கஜத்துல சோளம் கொட்டற ஃபீடர், டெலஸ்கோப்ல மான் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தெரியும், விரலை அசைச்சா விழும். நவம்பர்ல ஒரு பொட்டை மானை அப்படித்தான் அடிச்சேன். அது விழுந்த இடத்துக்கு நடந்து போறப்பதான் அந்த மானையே முதல் தடவையா பாக்கற மாதிரி இருந்துச்சு. அதோட மூச்சு எப்படி இருந்துச்சு, காது எந்தப் பக்கம் திரும்புச்சு, எதைத் தின்னுச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பாரு பரண்ல உக்காந்து இருட்டுல சத்தத்தை மட்டும் வச்சே "மூணு பன்னி, ஒண்ணு பெருசு"ன்னு சொல்லுவாரு. அந்த மாதிரி கிட்டத்துல ஒரு மிருகத்தைத் தெரிஞ்சுக்காம அதைக் கொல்லறது எனக்கு ஒத்துக்கல. ரைஃபிள்ல வேட்டையாடறவங்களை நான் குறை சொல்லல, சுத்தமா அடிக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க. எனக்கு வேண்டியது வேற.

கைத்துப்பாக்கி வேட்டை ஒண்ணும் புதுசு இல்ல. 1935ல .357 மேக்னம்னு சக்தி கூடுன கைத்துப்பாக்கிக் குண்டு வந்தப்பவே ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி டக்ளஸ் வெஸன் அதை எடுத்துக்கிட்டுப் போயி பெரிய மிருகங்களை எல்லாம் வேட்டையாடிக் காட்டுனாரு. ஐடஹோவுல எல்மர் கீத்னு ஒரு மாட்டுக்காரர், அவரு பல வருஷமா .44 ஸ்பெஷல் குண்டுல மருந்தை ஏத்தி ஏத்தி சோதனை பண்ணி கம்பெனிகளை நச்சரிச்சதோட பலன்தான் 1955 கடைசியில வந்த .44 மேக்னம். 1967ல தாம்ஸன் சென்டர் கன்டெண்டர்னு ஒத்தைக் குண்டு பிஸ்டல் வந்துச்சு, குழலை மாத்தி மாத்தி ரைஃபிள் குண்டு கூட போடலாம், அதுக்கு டெலஸ்கோப் மாட்டி 150 கஜம் அடிக்கறவங்க இருக்காங்க. 2003ல .500 வேற வந்துச்சு, அது கரடிக்கு நடுவுல வாழறவங்களுக்கு. மானுக்கும் பன்னிக்கும் .44 தாராளம்.

என்னோடது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், ஏழரை இன்ச் குழல், சிங்கிள் ஆக்ஷன், ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால ஹேமரை இழுத்தாதான் சுடும். டெலஸ்கோப் இல்ல, குறி பாக்க வெறும் இரும்பு சைட்டு. 240 கிரெயின் குண்டு, அதாவது பதினஞ்சரை கிராம், நொடிக்கு சுமார் 1350 அடி வேகத்துல போகும். அதோட சக்தி கிட்டத்தட்ட 970 ஃபுட் பவுண்டு. ஒரு சாதாரண .30-06 ரைஃபிள் 2800 கிட்ட குடுக்கும். மூணுல ஒரு பங்குதான் நம்ம கையில. ரைஃபிள் குண்டு வேகத்தால உள்ள சுத்தியும் சதையைக் கிழிக்கும், இது ஒரு ஓட்டையைப் போட்டுட்டு அந்தப் பக்கம் வெளிய போகும், அவ்வளவுதான். ஓட்டை சரியான இடத்துல இருந்தா மான் அம்பது அடி ஓடி விழும். ரெண்டு இன்ச் தப்பினா ராத்திரி முழுக்க உயிரோட அலையும்.

அதனால பேப்பர் ப்ளேட். 6 இன்ச் ப்ளேட்டு, பர்த்டே கேக் வைக்கறது. மானோட இருதயமும் நுரையீரலும் சேந்த இடம் கிட்டத்தட்ட 8 இன்ச், அதுல ஒரு இன்ச் ரெண்டு இன்ச் பயத்துக்கும் மூச்சு வாங்கறதுக்கும் கழிச்சா 6. ஷூட்டிங் ரேஞ்சுல நிதானமா நின்னு அடிச்சா கணக்கு இல்ல, காட்டுல எப்படி உக்காருவேனோ அப்படி தரையில உக்காந்து, முழங்கால்ல கையை ஊனி, ஆறுக்கு ஆறும் ப்ளேட்டுல விழணும். 25 கஜத்துல ஆறும் விழுந்துச்சு. 50ல நாலு, நல்ல நாள்ல அஞ்சு. 40ல ஆறு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. அன்னைக்கு முடிவு பண்ணேன், 40. இந்த நம்பர் ஒவ்வொருத்தருக்கும் வேற, என்னைவிட நல்லா சுடறவங்களுக்கு 75 வரலாம், 100 வரலாம். யாரோ சொன்ன நம்பரை எடுத்துக்காதீங்க, ப்ளேட்டு சொல்ற நம்பரை எடுத்துக்கோங்க.

பழகறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. .44 கையில எகிறும்போது உடம்பு தானா முன்கூட்டியே பயந்து ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்கும், குண்டு கீழ போயிரும். முதல்ல .44 ஸ்பெஷல் லேசான குண்டு, அதே துப்பாக்கில போடலாம், அதுல ஆயிரம். அப்பறம் வீட்ல தெனமும் ராத்திரி குண்டே இல்லாம, ரெண்டு தடவை சரி பாத்துட்டு, சுவத்துல ஒரு புள்ளிய வச்சு முன் சைட்டு அசையாம ட்ரிகரை அழுத்தற பழக்கம், இருபது தடவை. கண்ணு மானைப் பாக்கக் கூடாது, முன் சைட்டைப் பாக்கணும், மான் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியணும், இதுதான் கஷ்டம், உயிரோட ஒண்ணு எதிர்ல நிக்கும்போது மனசு அதைத்தான் பாக்கச் சொல்லும். இன்னொண்ணு, ரிவால்வர்ல சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கு, சுடும்போது அதுவழியா தீயும் ஈயத்தூளும் பக்கவாட்டுல பீய்ச்சும். கை விரலையோ முழங்காலையோ அங்க கொண்டு போனா சதையைப் பிளந்திரும். என் பழைய ஜீன்ஸ் முழங்கால்ல கருப்பா ஒரு கோடு தீஞ்சு போயிருக்கு, ஒரு இன்ச் தள்ளி இருந்ததால நான் தப்பிச்சேன். காதுக்கும் அப்படித்தான், இந்தக் குண்டு ஒண்ணே ஒண்ணு வெறுங்காதுல கேட்டாலே கேக்கற சக்தி கொஞ்சம் போயிரும், காட்டுல கூட எலக்ட்ரானிக் இயர்மஃப் போட்டுக்குங்க, அது சின்ன சத்தத்தைப் பெருசாக்கிக் குடுக்கும், சருகு மிதிக்கறது எல்லாம் கேக்கும்.

இவ்வளவு பண்ணியும் நான் ஒரு தப்பு பண்ணேன், அதைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்ல.

ரிவால்வர் எடுத்துட்டுப் போன முதல் குளிர்காலம். ரான்ச் ஓனர் எழுபது வயசைத் தாண்டுன பெரியவரு, அவரோட ஓட்ஸ் வயலை பன்னிங்க உழுது போட்டிருந்துச்சு. இருட்டற நேரம், ஃபீடருக்கு ஒரு பெரிய ஆண் பன்னி தனியா வந்துச்சு, 30 கஜம். ப்ளேட்டு கணக்குப்படி கச்சிதமான தூரம். மானுக்கு அடிக்கற மாதிரியே தோளுக்குப் பின்னாடி, உடம்போட பாதி உயரத்துல வச்சு அடிச்சேன். பன்னி ஒரு உறுமல் உறுமிட்டு சீடர் புதருக்குள்ள பாஞ்சிருச்சு. போயி பாத்தா ரத்தம் மூணே சொட்டு.

பெரியவரு டார்ச் எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு தேடறோம், ஒரு புல்லு நுனியில ஒரு புள்ளி, பத்தடி தள்ளி ஒரு கல்லுல லேசா ஒரு தேய்ப்பு, அப்பறம் ஒண்ணுமே இல்ல. சப்பாத்திக்கள்ளி முள்ளு கையெல்லாம். அங்க மெஸ்கீட்னு ஒரு மரம் எங்க பாத்தாலும் இருக்கும், நம்ம ஊரு சீமைக்கருவேலத்துக்கு நெருங்கின சொந்தம், அதே முள்ளு. மூணு மணி நேரம் தேடிட்டு பெரியவரு நிறுத்தச் சொல்லிட்டாரு, காயம்பட்ட பன்னிய இருட்டுல புதருக்குள்ள தேடறது ஆபத்து. நான் வண்டியிலயே படுத்தேன், தூக்கம் வரல, பத்து வயசுல பாத்த அந்தத் தாடை போன பன்னிதான் கண்ணு முன்னாடி. விடிஞ்சதும் ஓடை பக்கம் போனோம். உயிரோட இருந்துச்சு. சேத்துல படுத்துக்கிட்டு எங்களைப் பாத்துச்சு, எந்திரிக்க முடியல. முடிச்சு வச்சேன்.

பெரியவரு என்னைத் திட்டல. கத்தியை எடுத்து தோலை உரிச்சு பக்கத்துல உக்கார வச்சு காட்டுனாரு. பன்னியோட இருதயமும் நுரையீரலும் மானைவிட ரொம்ப முன்னாடி, ரொம்ப கீழ, முன்னங்காலோட எலும்புக்கு நேரா உள்ள இருக்கு. நான் அடிச்ச இடத்துல குடலும் ஈரல் ஓரமும்தான். அதுக்கு மேல, கெழட்டு ஆண் பன்னிக்கு தோள் மேல கவசம் மாதிரி ஒரு கெட்டி நார்த்தோல், கத்தியால அறுக்கறப்ப லாரி டயரை அறுக்கற மாதிரி சத்தம் வந்துச்சு, என் கட்டை விரல் அகலத்துக்கு மேல இருந்துச்சு. நான் போட்டிருந்தது உள்ள போயி விரியற ஹாலோ பாயிண்ட் குண்டு, அது இந்தக் கவசத்துலயும் கொழுப்புலயுமே விரிஞ்சு பாதியில நின்னிருச்சு, அந்தப் பக்கம் ஓட்டையே இல்ல, உள்ள நுழைஞ்ச ஓட்டையையும் கொழுப்பு அடைச்சிருச்சு, ரத்தம் எப்படி வெளிய வரும். அதுல இருந்து பன்னிக்கு விரியாத கெட்டி ஈயக் குண்டு, ஹார்டு காஸ்ட், அதைத்தான் போடறேன், முன்னங்கால் கோட்டுலயே மேல போயி உடம்போட கீழ் மூணுல ஒரு பங்குல வைக்கறேன். அதுக்கப்பறம் பதினோரு பன்னி, ஒண்ணு கூட தேட வேண்டி வரல. கையுறை இல்லாம பன்னிய அறுக்காதீங்க, புருசெல்லோசிஸ்னு மனுஷனுக்கும் தொத்தற காய்ச்சலோட கிருமி இருக்கலாம். கறியை 71 டிகிரி செல்சியஸ் உள்வெப்பம் வர்ற வரைக்கும் வேக வைக்கணும், நம்ம சமையல்ல அது பிரச்சினையே இல்ல.

சரி, புள்ளிமான். இது எப்படி டெக்ஸஸ்லன்னு கேப்பீங்க. 1932ல நம்ம ஊர்ப் பக்கத்துப் புள்ளிமானைக் கொண்டு வந்து இங்க ஹில் கன்ட்ரி மேட்டு நிலத்துல விட்டாங்க, வெளிமானும் நீலானும் (நீல்காய்) கூட அந்தக் காலத்துல வந்ததுதான். இங்க ஆக்ஸிஸ்னு பேரு. புலி இல்ல, செந்நாய் இல்ல, பெருகிருச்சு. வெளிநாட்டு விலங்குங்கறதால இதுக்கு சீசனும் இல்ல எண்ணிக்கை வரம்பும் இல்ல, வேட்டை லைசன்ஸும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தா போதும். லானோ ஆத்தோரத்துல கூட்டம் கூட்டமா இருக்கு, வெள்ளைவால் மானுக்கு வேண்டிய தீனியை எல்லாம் தின்னுருதுன்னு ரான்ச்காரங்களுக்கு வருத்தம். முதல் தடவை அது கத்துன சத்தத்தைக் கேட்டப்ப எனக்கு உடம்பு சிலித்துச்சு, பவானிசாகர் போற வழியில பஸ் ஜன்னல்ல கேட்ட அதே சத்தம், பத்தாயிரம் மைல் தள்ளி ஒரு மெஸ்கீட் புதருக்குள்ள இருந்து.

அதை அடிக்கலாமா வேண்டாமான்னு ஒரு வருஷம் யோசிச்சேன். கிண்டியில நம்ம புள்ளைங்களுக்கு கை காட்டிக் காட்டற மான் அது. ஊர்ல அதை ஒருத்தன் தொட்டா எனக்குக் கோவம் வரும், அங்க அது காட்டுக்குச் சொந்தம், புலிக்குச் சொந்தம். இங்க அது யாரோ கொண்டு வந்து விட்டுட்டுப் போன ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா நினைக்கக் கூடாதுன்னு கடைசியில எனக்கே தோணுச்சு.

போன வருஷம் இதே ஜூன்ல. வெயில் 38 டிகிரி, கடாக்கள் ஜோடி தேடி கத்தற காலம். அதே வெள்ளைப் பாறைதான். சின்ன பவுடர் டப்பாவைத் தட்டிப் பாத்தேன், பவுடர் என் முகத்துக்கு நேரா திரும்பி வந்துச்சு, அப்ப காத்து மான் பக்கம் இருந்து என் பக்கம் வருது, நல்லது. முதல்ல நாலு பொட்டை மான் வந்துச்சு, அதுல ஒண்ணு 15 கஜத்துல நின்னு என்னையே பாத்துச்சு, முன்னங்காலை டக்கு டக்குன்னு தரையில தட்டுச்சு. நான் மூச்சைக் கூட மெதுவா விட்டேன், கண்ணை அரை மூடி, பதினஞ்சு நிமிஷம் ஒரு விரல் அசைக்கல, கெண்டைக்கால்ல எறும்பு ஏறுது, தொடை மரத்துப் போச்சு. அது சமாதானம் ஆகி தலையைக் குனிஞ்சுது. அதோட மூக்கு நுனியில ஈரம் மின்னுனதும், காது ஓரத்துல ஒரு உண்ணி ஒட்டியிருந்ததும் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அப்பறம்தான் கடா வந்துச்சு. பாறைக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு, பொட்டைய மோந்துக்கிட்டே பாறையைச் சுத்தி இந்தப் பக்கம் வந்துச்சு. 32 கஜம்.

ஹேமரை இழுத்தேன். அந்த க்ளிக் சத்தத்துக்கு தலையைத் தூக்குச்சு. முன் சைட்டு ஆரஞ்சுப் புள்ளி தோளோட மடிப்புல உக்காந்துச்சு, அழுத்தினேன், எப்ப வெடிச்சுதுன்னு எனக்கே தெரியல, அப்படித்தான் இருக்கணும். கடா முதுகை வளைச்சு ஒரு துள்ளு துள்ளி ஆத்தைப் பாத்து ஓடுச்சு, இருபது எட்டு போனதும் முன்னங்கால் மடங்கி விழுந்துச்சு. நான் எந்திரிக்கல. பத்து நிமிஷம் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், ஹேமரை இழுத்து வச்சிருந்த கட்டை விரல் அப்பறம்தான் நடுங்க ஆரம்பிச்சுது. கிட்டப் போயி கழுத்துல கை வச்சேன், சூடா இருந்துச்சு. தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னேன், அது எனக்கும் அதுக்கும் நடுவுல.

அந்த வெயில்ல நேரம் கிடையாது, அரை மணிக்குள்ள குடலை எடுத்து, கால் நாலையும் பிரிச்சு ஐஸ் பெட்டியில வச்சாகணும், இல்லன்னா கறி கெட்டுரும். வீட்டுக்கு வந்து சேரும்போது நடு ராத்திரி. வீட்டுக்காரி பெட்டியைத் தொறந்து பாத்துட்டு, "ஏனுங்க, புள்ளிமானுங்களா"ன்னு ஒரு மாதிரி கேட்டா, அன்னைக்கு அவ சாப்பிடல, நானும் கட்டாயப்படுத்தல. மறுநாள் அவளே மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில வறுத்தா. கொழுப்பே இல்லாத கறி, சட்டியில விட்டா காஞ்சு கட்டையாயிரும், அதனால குக்கர்ல ரெண்டு விசில் விட்டுட்டு அப்பறம்தான் வறுக்கணும். தொடைக் கறியை நீளமா கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, பின்வாசல்ல வலை கட்டி மூணு நாள் வெயில்ல காய வச்சேன், அப்பத்தா பண்ற உப்புக்கண்டம். பெரியவருக்கு ஒரு பை கொண்டு போயி குடுத்தேன். அவரு வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னுட்டு, இங்க ஜெர்க்கின்னு நாங்க பண்றதுதான, ஆனா இதுல என்ன போட்டேன்னு கேட்டு மஞ்சள் பேரை ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கிட்டாரு.

நேத்து அவருகிட்ட இருந்து ஒரு ஃபோட்டோ வந்துச்சு. கேம் கேமராவுல எடுத்தது, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஏழு பத்து. நான் போன வாரம் விட்டுட்டு வந்த அதே கருத்த கழுத்துக் கடா, வெள்ளைப் பாறைக்கு இந்தப் பக்கம், நான் உக்கார்ற பீக்கன் மரத்துக்கு நேரா நின்னுக்கிட்டிருக்கு. வர்ற சனிக்கிழமை காத்து தெக்க இருந்து அடிக்கும்னு வானிலையில போட்டிருக்கான், அப்படின்னா என் வாடை நேரா பாறை மேல போயிரும், பீக்கன் மரம் ஆகாது. வடக்கால ஒரு கருவாலி மரம் இருக்கு, அங்க இருந்து பாறை எத்தனை கஜம்னு வெள்ளிக்கிழமை மத்தியானமே போயி அளக்கணும்.